ஓடிக்கொண்டே பேச முடிகிறதா?

குழுவாகச் சேர்ந்து உடற்பயிற்சி செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் எடையையும் டயட்டையும் விட ஓட்டத்தைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க ஓட்டம்தான்.

எனக்கு 42 வயது. கல்லூரியில் 800 மீட்டர் ஓடியிருக்கிறேன், மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறேன். கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று ஆனபிறகு ஓடவே இல்லை. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், டவர் பார்க் பக்கம் காலையில் கூடுகிற ஒரு ஃபிட்னஸ் குழுவில் சேர்ந்தேன். ஸ்குவாட், பிளாங்க், அப்புறம் கொஞ்சம் ஓட்டம். எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஓட்டம் மறுபடியும் பிடித்துப்போய்விட்டது. ராத்திரி படுக்கும்போதே காலையை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறது. இப்போது கோச் டைம் எடுக்கச் சொல்கிறார், எல்லாரும் ஆப்பில் போடுகிறார்கள். எனக்கு டைம் பார்த்தாலே பழைய டைம்தான் ஞாபகம் வருகிறது. இந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

எடையை முதலில் ஓரமாக வையுங்கள். ஓடும்போது தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இன்சுலின் நன்றாக வேலை செய்கிற நிலை ஓடி முடித்தபிறகும் ஒரு நாள் வரைக்கும் நீடிக்கும். எடை மெஷின் இதையெல்லாம் காட்டாது. மூன்று மாதம் கழித்து, அந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள், பேச வேண்டியதை டாக்டரிடம் அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டம் அறிமுகமானதே தண்டனையாகத்தான். லேட்டா வந்தியா, கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடு. ஹோம்வொர்க் எழுதலையா, ஓடு. உங்களுக்கு அது போட்டியாக வந்தது, அதிலும் 800 மீட்டர். முதல் ரவுண்டு முடிந்து மணி அடிக்கும்போதே மூச்சு முட்டும், கடைசி 200 மீட்டரில் தொடை கல்லாகிவிடும், ஓடி முடித்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். உங்கள் உடம்பு ஓட்டம் என்று பதிந்து வைத்திருந்தது அதைத்தான். இப்போது குழுவோடு நீங்கள் ஓடுவது வேறு ஓட்டம். அது உங்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை, இப்போதுதான் முதல் முறையாகக் கிடைத்திருக்கிறது, அதனால்தான் கெட்டுவிடுமோ என்று இவ்வளவு பயப்படுகிறீர்கள்.

இந்த மெதுவான ஓட்டத்தை ஊரோடு சேர்ந்து ஓடலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்து கோச் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் ஒரே நாளில் இரண்டு தங்கம் வாங்கினார்கள், 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல், 5000 மீட்டரில் மர்ரே ஹால்பெர்க். அதே லிடியார்டின் தூண்டுதலில்தான் 1962-இல் ஆக்லாந்தில் சாதாரண ஆட்கள், இதய நோய் வந்து தேறியவர்கள் உட்பட, சேர்ந்து ஓடுகிற ஒரு சங்கம் ஆரம்பித்தது. அந்த வருட முடிவில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மன் என்ற கோச் அவரைப் பார்க்க வந்தார், பின்னால் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். வந்தவரையும் ஓட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று முறை மாரடைப்பு வந்த, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், பின்தங்கிப்போன பவர்மனுக்குத் துணையாகப் பேசிக்கொண்டே ஓடினாராம். பவர்மனுக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை. ஊருக்குத் திரும்பியதும் ஆரிகனில் அவரும் இதையே தொடங்கினார், ஜாகிங் அமெரிக்கா முழுக்கப் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பெரியவர் செய்ததுதான் உங்களுக்கும் அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? "நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாயிடுச்சு, யாரும் சொல்லவே இல்ல" என்று நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "நேத்து... சாம்பார்..." என்று துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் இந்த வேகத்தில் இருந்தாலே இதயமும் தசையும் வலுவாகும். உலகத்தின் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களும் தங்கள் பயிற்சியில் பெரும் பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள்.

டைம் எடுக்கச் சொல்கிற கோச்சை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு உங்கள் முன்னேற்றம் தெரிய வேண்டும். அவரிடம் நேராகப் பேசுங்கள்: "மாசத்துக்கு ஒரு நாள் டைம் எடுக்கிறேன் சார், மத்த நாள் வாட்ச் வேண்டாம்." நல்ல கோச் என்றால் ஒப்புக்கொள்வார். அந்த ஒரு நாள் டைமையும் ஆப்பில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், அதற்கு செட்டிங் இருக்கிறது. பழைய டைமைப் பற்றி ஒன்று: தடகளத்தில் 35 வயதிலிருந்து மாஸ்டர்ஸ் என்று தனிப் பிரிவே உண்டு, ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துத்தான் போட்டி வைப்பார்கள். இருபது வயதுப் பெண்ணோடு 42 வயதுக்காரரை அங்கே யாரும் ஒப்பிடுவதில்லை, நீங்களும் ஒப்பிட வேண்டாம். புது நோட்டுப் போடுங்கள்.

தனியாக ஓடினால் இந்தச் சந்தோஷம் வராதா என்றும் கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் கூட ஆள் இருக்கும்போது உடம்புக்குள்ளேயே ஏதோ கூடுதலாக நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகுக் குழுவை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். துடுப்பு மெஷினில் 45 நிமிடம், ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் குழுவாக, உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முடித்ததும் பிபி பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வலியைக் குறைத்து மனசைச் சந்தோஷமாக்குகிற எண்டார்ஃபின் உடம்பில் கூடினால் வலி தாங்கும் சக்தியும் கூடும் என்பது கணக்கு. குழுவாகச் செய்த நாளில் கூடுதலாகத் தாங்கினார்கள். ரொம்பச் சின்ன ஆய்வு, பன்னிரண்டே பேர், ஆனாலும் விடிகாலையில் நாலு பேரோடு ஓடிப் பார்த்தவர்கள் யாரும் அந்த முடிவைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

குழுவில் நான்தான் எப்போதும் கடைசி. வயது 55. ஓடி முடித்துவிட்டு எல்லாரும் எனக்காக நிற்கிறார்கள். கைதட்டி வேறு வரவேற்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான், ஆனால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மணிக்கு நான் மட்டும் ரேஸ் கோர்ஸில் தனியாக ஓடிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

விலக வேண்டாம், ஓடுகிற முறையை மாற்றச் சொல்லுங்கள். தூரத்தை வைத்து ஓடினால் யாராவது ஒருவர் கடைசியாக வந்துதான் ஆக வேண்டும், நேரத்தை வைத்து ஓடினால் அந்தப் பிரச்சினையே கிடையாது. நேர் ரோட்டில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புங்கள், 15 நிமிடம் ஆனதும் கோச் விசில் ஊதட்டும், யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்பி வந்த வழியே ஓட வேண்டும். போனபோது கடைசியில் இருந்த நீங்கள் திரும்பும்போது எல்லாருக்கும் முன்னால் இருப்பீர்கள். வேகமாக ஓடுகிறவர்கள் பின்னாலிருந்து வந்து சேர்வார்கள், அவரவர் வேகத்தை மாற்றாமல் வந்தால் கிளம்பிய இடத்துக்கு எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடலாம். விசில் கேட்காத தூரம் போகிறவர்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும். ரேஸ் கோர்ஸ் மாதிரி சுற்றுப் பாதை என்றால், 30 நிமிடம் என்று வைத்து அவரவரால் முடிந்த சுற்று ஓடிவிட்டு விசில் அடித்ததும் நடந்து வந்து கூடுங்கள்.

கைதட்டுகிறவர்களிடம் "எனக்குக் கைதட்டல் வேண்டாம், அடுத்த வாரம் ஒருத்தர் என்கூட என் வேகத்துல வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். முறை போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கும் வாரத்தில் சில மெதுவான ஓட்டம் தேவை, அதை உங்களோடு ஓடட்டுமே.

ஓட ஆரம்பித்து இரண்டு மாதம். ஆசையில் இப்போது தினமும் ஓடுகிறேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வலிக்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள் குழுவில். ஓடலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது, முதலில் உட்கார்ந்து விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் அது புதிதாக ஓடுகிறவர்களுக்கு வருகிற சாதாரண வலி, ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரத்தில் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்ததும் சுள்ளென்று வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி இருந்தால், அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலும் போகும், எக்ஸ்ரே நார்மல் என்று வந்தாலும் வலி இருந்தால் மறுபடி போய்க் கேளுங்கள்.

சில வாரத்திலேயே மூச்சு பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தினமும் ஓடும்போது சுமை முழுக்க எலும்பில் இறங்குகிறது. வலி போனபிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். நடுவில் வருகிற நாளிலும் குழுவுக்குப் போகலாம், வீட்டில் இருக்க வேண்டியதில்லை. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், முழங்காலை நேராக வைத்துக் கொஞ்சம், மடக்கி வைத்துக் கொஞ்சம். கெண்டைக்கால் வலுவானால் எலும்பின் பாரம் குறையும்.

அக்னி நட்சத்திரம் வந்தால் எங்கள் குழு கலைந்துவிடும். வெயிலில் ஓடுவது ஆபத்தா?
– வாசகி, வேலூர்

வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். வியர்வை சீக்கிரமாக, அதிகமாக வரும், அதில் போகிற உப்பு குறையும், ரத்தத்தில் நீர் கூடும். அந்த இரண்டு வாரமும் வேகத்தையும் நேரத்தையும் குறைத்து, விடிவதற்கு முன்பே முடித்துவிட்டால் கலைய வேண்டியதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், ஓடி முடித்தபிறகு உப்புப் போட்ட மோர் நல்லது. பயந்துகொண்டு லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், அதுவும் ஆபத்துதான்.

ஒன்றை மட்டும் குழுவில் எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். ஓடுகிற ஒருவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி, கையில் இருக்கிற எல்லாத் தண்ணீரையும் மேலே ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். சுயநினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

"கல்யாணமான பொண்ணு டிராக் பேன்ட் போட்டுட்டு ரோட்டுல ஓடுறியே, பாக்குறவங்க என்ன சொல்வாங்க" என்கிறார் மாமியார். சண்டை போட விருப்பமில்லை. ஓட்டத்தை விடவும் மனசில்லை.
– வாசகி, திண்டுக்கல்

விடாதீர்கள். பெண்கள் ஓடினால் ஆகாது என்று ஒலிம்பிக்கே நம்பிய காலம் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதல் முறையாக 800 மீட்டர் ஓடினார்கள், களைத்துப்போனார்கள் என்று காரணம் சொல்லி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள், திரும்ப வந்தது 1960-இல். பெண்களுக்கு மராத்தான் வந்தது 1984-இல்தான். உங்கள் மாமியார் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவரை ஓடச் சொன்னவர்கள் யாராவது இருந்திருப்பார்களா என்று யோசியுங்கள்.

அவரையும் கூட்டிப்போங்கள். உங்கள் குழு கூடுகிற மைதானத்தில் நடப்பவர்களும் இருப்பார்கள், அவர் வயதில் நாலு அம்மாக்களாவது இருப்பார்கள். "அத்தை, நீங்க நடங்க, நான் ஓடிட்டு வந்துடறேன்" என்று சொல்லுங்கள். கூடப் பேச ஆள் கிடைத்துவிட்டால் அப்புறம் அவரே உங்களைக் காலையில் எழுப்புவார். பிபி, சர்க்கரை இருந்தால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்போடு நடக்கவிடாதீர்கள், சேலையோடு போட்டுக்கொள்ள வெல்க்ரோ வைத்த ஷூ கிடைக்கிறது. சாயங்காலம் கூட்டிப்போய் வாங்குங்கள், பகலில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளவு சரியாக இருந்தால்தான் நடக்கும்போது கடிக்காது.