தொங்கும் மனிதனைக் கட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

பெங்களூருவில் பணிபுரிகிறேன். வயது 31. என் அண்ணன் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மூன்று ஆண்டுகளாக என் சம்பளத்திலிருந்து தவணை கட்டி வருகிறேன். அவர் இப்போது என் அழைப்பைக்கூட எடுப்பதில்லை. சென்ற மாதம் டாரட் என்ற படச்சீட்டுகளை வைத்துக் குறிசொல்லும் ஒருவரிடம் போனேன். எனக்கு வந்தது 12ஆம் சீட்டு, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குபவனின் படமுள்ள 'தொங்கும் மனிதன்'. "இது தியாகத்தின் சீட்டு. எதையும் மாற்ற முயலாமல் காத்திருங்கள், ஞானம் கிடைக்கும்" என்றார். சீட்டு தலைகீழாக விழுந்திருந்தால் பொருள் மாறியிருக்குமா? நான் காத்திருக்கத்தான் வேண்டுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சீட்டுகள் வருங்காலத்தைச் சொல்லுமா என்ற வாதத்திற்குள் நான் போகவில்லை. நீங்களும் அதைக் கேட்கவில்லை. தலைகீழாக விழுவதைப் பற்றிய கேள்விக்கும் ஒரு வரி போதும். இன்று பரவலாகப் புழங்கும் சீட்டுக்கட்டை 1909இல் லண்டனில் உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெயிட், அந்த நிலைக்குச் சுயநலம், கூட்டம் என்று பொருள் எழுதியிருக்கிறார். அது உங்களுக்கு எவ்வகையிலும் உதவாது. என்னைத் தைத்தது உங்கள் கடிதத்தில் இருந்த 'தியாகம்' என்ற சொல்தான்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டு விளையாட்டாகத்தான் பிறந்தது. அதைக் குறிசொல்லப் பயன்படுத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அந்த விளையாட்டின் துருப்புச் சீட்டுகளில் ஒன்றான இந்த மனிதனைப் பழைய இத்தாலியர் சிலர் 'துரோகி' என்றே அழைத்தார்கள். ஏனென்றால், அவர்கள் அவனைச் சீட்டில் பார்ப்பதற்கு முன்பே சுவரில் பார்த்திருந்தார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்தவன், கடனைத் திருப்பாமல் ஓடிப்போனவன் ஆகியோர் பிடிபடாதபோது, அவர்கள் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் நகரத்தின் பொதுச் சுவர்களில் படம் வரைந்து வைப்பது அன்றைய தண்டனைகளில் ஒன்று. 1440இல் பிளாரன்ஸில் அப்படிப் படங்கள் வரைந்த ஓவியர் அந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோவுக்கு 'தூக்கிலிடப்பட்டவர்களின் அந்திரேயா' என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. 1412இல் ரோமில் படைத்தலைவர் முட்சியோ ஸ்போர்சாவை இப்படித் தலைகீழாகத் தொங்குவதுபோல் வரைந்து வைத்தார்கள். அவருடைய மகன் பிரான்செஸ்கோ மிலானின் கோமகனான பிறகு, அந்தக் குடும்பத்திற்காகப் பொன் பூசித் தீட்டப்பட்ட சீட்டுக்கட்டிலும் இந்த மனிதன் இருக்கிறான். தந்தை பட்ட அவமானத்தின் உருவத்தை அந்த மகன் எப்படிக் கையில் பிடித்து விளையாடியிருப்பான் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

யோசித்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தை தம்முடன் வேலை பார்த்த ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார். சில மாதங்கள் கழித்து அந்த வங்கிக் கிளையின் வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பில், ஓடிப்போனவரின் படத்திற்குக் கீழே என் தந்தையின் படமும் இருந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் அதைப் பார்த்தேன். படம் நேராகத்தான் ஒட்டப்பட்டிருந்தது. ஆனாலும் எனக்கு அவர் அன்று முதல் தலைகீழாகவே தெரிந்தார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும், "எல்லாம் நன்மைக்கே, பொறுத்துக்கொள்ளுங்கள், இது உங்களைப் பக்குவப்படுத்தும்" என்றார்கள். கடன் வாங்கி ஓடியவர் எங்கே இருக்கிறார் என்று கேட்க ஒருவரும் முன்வரவில்லை. என் தந்தை பதினோரு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார். பக்குவப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

ஆகவேதான் உங்களுக்குச் சீட்டுப் பார்த்தவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சீட்டை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். மரத்தில் இலைகள் இருக்கின்றன, தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது, முகம் அமைதியாக இருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. தன் காலில் தானே கயிறு கட்டிக்கொண்டவன் அப்படித் தொங்க முடியாது. வேறொருவர் கட்டியிருக்கிறார், அவர் படத்தில் இல்லை. சுவரில் வரையப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை, கட்டியவரைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தொங்குகிறவனின் முகத்தை மட்டும் நாம் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இதைத் தியாகத்தின் சீட்டு என்று சொல்பவர்கள் வெயிட்டையாவது படித்திருக்க வேண்டும். உயிர்த்தியாகத்தின் சீட்டு, கடமையின் சீட்டு என்றெல்லாம் இதை அழைப்பது தவறு என்று அவரே தம் விளக்க நூலில் எழுதியிருக்கிறார். அந்த அமைதியான முகத்தை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித், பெரிய வேலையொன்றை மிகக் குறைந்த பணத்துக்கு முடித்திருப்பதாக 1909இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர்கூட அதைத் தியாகம் என்று சொல்லவில்லை. பணம் குறைவு என்றுதான் சொன்னார்.

உங்களையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முப்பத்தாறு மாதத் தவணை கட்டிய ஒரு பெண்ணுக்குத் தன் நிலைமை என்னவென்று தெரியாதா? தெரிந்ததனால்தான், 'போதும்' என்ற சொல்லை வேறொருவர் வாயிலிருந்து கேட்கப் போனீர்கள். அவர் அதைச் சொல்லவில்லை என்பதால் இப்போது என்னிடம் வந்திருக்கிறீர்கள். அண்ணன்மேல் உங்களுக்கு இருக்கும் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அந்தப் பாசம் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டீர்கள். இருந்தாலும், நீங்கள் எழுதியதில் அண்ணனைப் பற்றி இரண்டு வரிகளே உள்ளன, சீட்டைப் பற்றி அதைவிட அதிகம். என் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது.

அடுத்த முறை எழுதும்போது சீட்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அந்தக் கடன் பத்திரத்தில் யார் யாருடைய கையெழுத்து இருக்கிறது, அதில் உங்களுடையது உண்டா என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.