ஜப்பானிய வாளில் கொல்லர் பெயர் வெட்டியிருந்தால் அது அசல்தானா?

கேள்வி இதுதான்: பிடியைக் கழற்றினால் உள்ளே பெயர் இருக்கிறது, அதை நம்பலாமா? பெயரை மட்டும் வைத்து நம்பக்கூடாது. பெரிய கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டுவது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம். 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த கொதெத்ஸு என்ற கொல்லரின் பெயரில் அசலைவிடப் போலியே அதிகம் என்பார்கள்.

முதலில் துருவைப் பாருங்கள். பிடிக்குள் மறையும் பகுதியில் கருத்துப் படிந்த பழந்துரு, உளி இறங்கிய பள்ளத்துக்குள்ளும் அதே நிறத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் கருப்பு, எழுத்துக்குள் மட்டும் வெளிர் பழுப்பு என்றால் சந்தேகம்தான். துருவைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். மதிப்பும் போய்விடும், சாட்சியும் போய்விடும்!

அப்புறம் உளியின் போக்கு. ஒரே கொல்லர் ஒரே எழுத்தை ஏறக்குறைய ஒரே கோணத்தில், ஒரே அழுத்தத்தில்தான் வெட்டுவார். அவருடையது என்று உறுதியான வாள்களின் அச்சுப்படியோடு (பெயரின் மேல் தாள் வைத்துத் தேய்த்து எடுத்த படி) கோடு கோடாக ஒப்பிட வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நுனி மேலே இருக்க, பெயரைப் பார்க்கும்போது கூர்விளிம்பு இடப்பக்கம் வந்தால் பொதுவாகக் கதனா, அதாவது கூர்விளிம்பு மேலே இருக்க இடுப்பில் செருகும் வாள். வலப்பக்கம் வந்தால் பழைய தாச்சி, அதாவது கூர்விளிம்பு கீழே இருக்கத் தொங்கவிடும் வாள். விதிவிலக்குகள் உண்டு.

பெயரே இல்லையா? கவலை வேண்டாம். நீளத்தைக் குறைத்தபோது பெயரும் வெட்டுப்பட்டுப் போன நல்ல வாள்கள் ஏராளம். பெரும்புகழ் பெற்ற கொல்லரான மசமுனேவே அரிதாகத்தான் பெயர் பொறித்தார். கடைசியில் அலகின் வடிவமும் பதம் கொடுத்த கோடும் (விளிம்பைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும்போது அலகில் தெரியும் கோடு) பெயரோடு ஒத்துப்போக வேண்டும். முரண்பட்டால் நான் அலகைத்தான் நம்புவேன்.