பல்லை ராவிய பிறகும் கினிப் பன்றி ஏன் சாப்பிடவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயதுள்ள ஆண் கினிப் பன்றி இருக்கிறது. இரண்டு வாரங்களாகத் தீனியைக் கவ்விவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. முகவாய் எப்போதும் எச்சிலால் நனைந்திருக்கிறது. வாங்கிய கடையில் முன்பற்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டார்கள், பயனில்லை. பிறகு ஒரு மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களை ராவிவிட்டார். இன்று மூன்றாம் நாள். இன்னும் தானாகச் சாப்பிடவில்லை. 900 கிராம் இருந்த எடை 740 கிராமாகக் குறைந்துவிட்டது. பசித்தால் சாப்பிடும் என்று காத்திருக்கலாமா? தயிர்ச்சாதத்தைக் கரைத்துக் கொடுக்கலாமா? (ஒரு வாசகி, திருநகர், மதுரை)

பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றே கையால் ஊட்டத் தொடங்குங்கள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று வயிற்றைக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் கினிப் பன்றிக்குப் பட்டினியே தனி நோயாகிவிடும். அதன் பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துத்தான் அது உயிர்வாழ்கிறது. உள்ளே நார் வராமல் அரை நாள், ஒரு நாள் கடந்தாலே குடலின் அசைவு மந்தமாகி, வாயு சேர்ந்து, வலியால் பசி மேலும் அடங்கிவிடும். பட்டினி நீண்டால் உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். உங்கள் கினிப் பன்றி ஏற்கெனவே தன் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இழந்திருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

பல்லைச் சரிசெய்த அன்றே சாப்பிட்டுவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். கினிப் பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இயல்பாகவே உட்பக்கம் சாய்ந்திருப்பதால், தேய்மானம் குறைந்தால் இரண்டு பக்கமும் நாக்கின் மேல் பாலம் போல வளர்ந்து அதை அமுக்கிவிடும். மேற்பற்கள் வெளிப்பக்கம் வளர்ந்து கன்னத்தைக் குத்தும். ராவியதும் முள் போன்ற பல்முனை போய்விட்டாலும், நாக்கிலும் கன்னத்திலும் பட்ட புண் ஆறவும், பல வாரங்கள் இழுபட்டுக் கிடந்த தாடைத் தசைகள் பழைய வலிமைக்குத் திரும்பவும் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை ஊட்டுவது உங்கள் வேலை. முன்பற்கள் நீண்டதும் பெரும்பாலும் பின்பற்களில் உள்ள கோளாற்றால்தான். நகவெட்டி பல்லை வேர்வரை பிளந்துவிடக்கூடும் என்பதால் இனி யாரையும் அதனால் தொடவிடாதீர்கள்.

தயிர்ச்சாதம், பால், கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். மாவுச்சத்தும் சர்க்கரையும் அந்தக் குடலில் தவறான நுண்ணுயிர்களை வளர்த்து வயிற்றை உப்ப வைக்கும். க்ரிட்டிகல் கேர் போன்ற, புல்லைப் பொடித்துச் செய்த மீட்புணவுத் தூள் கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்கும் வரை, கினிப் பன்றிக்கான பெல்லட்டை (அழுத்திச் செய்த குச்சித் தீனியை) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்துத் தோசைமாவுப் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கினிப் பன்றியின் எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.லி. தேவை, அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 8 முதல் 10 மி.லி. கொடுங்கள், இரவில் ஒரு வேளை உட்பட.

ஊட்டும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். மல்லாக்கப் படுக்க வைக்காமல், துண்டால் தளர்வாகச் சுற்றி, மடியில் குப்புற இருக்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. சிரிஞ்சின் நுனியைச் சிறிது வெட்டி, வெட்டிய விளிம்பைச் சொரசொரப்பில்லாமல் தேய்த்துவிட்டு, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து நுழைத்து, அரை மி.லி. மட்டும் விடுங்கள். அது மென்று விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. நேராகத் தொண்டையை நோக்கி அழுத்தினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் நாள் அடம்பிடிக்கும், உங்கள் சேலையெல்லாம் கூழாகும், பொறுமையாக இருங்கள்.

வலி இருக்கும்வரை பசி வராது. ஆகவே வலிமருந்து எத்தனை நாளுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி எழுதியிருந்தால் பெயரைப் பாருங்கள்: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் கினிப் பன்றியின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகக்கூடும்.

மனிதரைப் போலவே கினிப் பன்றியும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர். அது குறைந்தால் பல்லைத் தாங்கும் திசு தளர்ந்து பற்கள் ஆடத் தொடங்கும். நோயுற்றிருக்கையில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 மி.கி. வேண்டும். ஆயக்குடிக் கொய்யாவில் விதையில்லாத சதைப்பகுதியை 10 முதல் 15 கிராம் துருவிக் கூழில் கலந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். முயலுக்கான பெல்லட்டில் வைட்டமின் சி சேர்க்கப்படுவதில்லை என்பதால் அதை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தீனியிடம் ஓடிவந்து முகர்ந்து, கவ்வி, போட்டுவிட்டால் கோளாறு இன்னும் வாயில்தான் இருக்கிறது. தீனியைத் திரும்பியே பார்க்காவிட்டால் குடலையும் வலியையும் சந்தேகிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் புழுக்கை போடாவிட்டாலோ, வயிறு மத்தளம் போல் இறுகினாலோ, காதுகள் சில்லிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் தானாகச் சாப்பிடாவிட்டால் மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்து, பல்வேர் தாடைக்குள் நீண்டிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதுரையில் அந்த வசதி அமையாவிட்டால், தேனி வீரபாண்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்லலாம்.

தானாக மெல்லத் தொடங்கியதும் பல்லைத் தேய்க்கும் பொறுப்பைப் புல்லிடம் விடுங்கள். பெல்லட் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இரண்டு கடியில் நொறுங்கிவிடும். நீண்ட புல்லைத்தான் தாடை பக்கவாட்டில் மணிக்கணக்காக அரைக்க வேண்டியிருக்கும். இறக்குமதியான திமோத்தி உலர்புல் விலை அதிகம். நம்மூரில் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே இதற்குப் போதும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைப்பவை பெரும்பாலும் குட்டை நுனிகள். மருந்தடிக்காத வரப்பிலிருந்து நீளமாக அறுத்துவரச் சொல்லி, நன்றாக அலசிப் பச்சையாகவும், நிழலில் உலர்த்தியும் எந்நேரமும் கூண்டில் வையுங்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவாகாது. அகத்திக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். அது சிறுநீர்க் கல்லுக்கு வழிவகுக்கும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

ஒருமுறை இப்படி வளர்ந்த பற்கள் மறுபடியும் வளரும். நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குக் கொண்டுசெல்லுங்கள். முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருப்பதாகச் சொன்னால், விளக்குக் கருவியை உள்ளே வைத்துக் கடைவாயையும் பார்க்கும்படி கேளுங்கள்.