பிடித்தவருக்குக் காசு, விட்டவருக்குப் புண்ணியமா?

கேள்வி: பாங்காக் சுற்றுலாவில் ஒரு புத்தர் கோயில் வாசலில் காசு கொடுத்து, கூண்டுக் குருவிகளைப் பறக்கவிட்டேன். செய்த பாவமெல்லாம் கழிந்த மாதிரி இருந்தது. இந்தப் பழக்கத்தை நம் கோயில்களிலும் கொண்டுவந்தால் என்ன?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: குருவி எப்படிக் கூண்டுக்குள் வந்தது என்று கேட்டீர்களா? உங்களுக்காகத்தான் வந்தது. வயலில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிச்சில்லை என்ற சிறு பறவையை வலை போட்டுப் பிடித்து, சின்னஞ்சிறு கூண்டில் நெருக்கி அடைத்துக் கோயில் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே சில செத்துவிடும். மிஞ்சியதைத் திறந்துவிட்டால், பட்டினியும் மிரட்சியுமாகப் பக்கத்து மரம்வரை போய் உட்காரும். திரும்பவும் பிடிபட்டு, இன்னொருவர் பாவத்தைக் கழிக்க வந்தாலும் வரும்.

இந்தப் பழியைப் புத்தர் தலையில் போட வேண்டாம். இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரங்கள் என்று, அவருடைய போதனைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயம் ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. கூண்டுக்காரர் செய்வது இரண்டாவது. முதல் போடுவது நீங்கள். ‘எண்ணம்தானே வினை என்று அவரே சொன்னார்’ என்பீர்கள். சரி, சொன்னார்தான். ஆனால் அவருடைய எண்வழிப் பாதையில் நல்லெண்ணத்துக்கு இரண்டாம் இடம். முதலில் வருவது நற்காட்சி, அதாவது உள்ளதை உள்ளபடி பார்ப்பது.

சந்தையில் குழம்புக்குக் காத்திருக்கும் விலாங்கையும் கெளுத்தியையும் வாங்கி ஆற்றில் விடுவோரும் அங்கே உண்டு. அதையாவது ஒப்புக்கொள்ளலாம் என்று பார்த்தால், எதை எங்கே விடுகிறோம் என்ற கேள்வி வருகிறது. 2015-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடலில் பௌத்தர்கள் சிலர் நூற்றுக்கணக்கான சிங்கி இறால்களையும் நண்டுகளையும் விட்டார்கள். அந்தக் கடலைச் சேராத அமெரிக்க வகை. உள்ளூர் இனத்துக்கு ஆபத்து என்று மீனவர்களுக்குக் காசு கொடுத்துத் திரும்பப் பிடிக்கச் சொன்னது அரசு. 2017-இல் இருவருக்கு அபராதமும் இழப்பீடுமாகச் சுமார் 15,000 பவுண்டு விதித்தது நீதிமன்றம்.

அப்புறம், நம் கோயில்களில்? காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே குற்றம். ஆரம்பித்துப் பாருங்கள், பக்தர்களுக்கு முன்னால் வனத்துறை ஜீப் வந்து நிற்கும்.

அடுத்த முறை பாங்காக் போனால் ஹுவா லம்போங் கோயிலுக்குப் போங்கள். கேட்பாரற்ற பிணங்களுக்குச் சவப்பெட்டி வாங்க அங்கே பணம் கட்டுகிறார்கள். பெயர் எழுதிய சீட்டைப் பெட்டிமேல் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் போடுவதற்காக யாரும் யாரையும் பிடித்துவருவதில்லை.