வாகனம்: கேள்வி – பதில்
உப்புக் காற்றில் ஒரு பழைய கார்

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். 2011-இல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கருவாட்டு வியாபாரம் செய்வதால் வாரம் இருமுறை டிக்கியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் சென்று வருவோம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் கனமாக இருக்கிறது. சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டீயரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பகுதி) உட்பட எல்லாம் மாற்ற 70,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். பதிவுச் சான்றும் முடியப்போகிறது. செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பழுதுகளும் சரிசெய்யக்கூடியவை. ஆனால், நீங்கள் எழுதாத ஒன்றுதான் இந்த வண்டியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும். அது வண்டியின் அடிப்பாகத்தில் இருக்கும் துரு. நாற்புறமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரம் தீவில் கார் வைத்திருப்பவர் இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இதே காற்றினால்தான். காரின் அடித்தகடோ ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு என்பதால், மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் அந்தத் தகட்டில் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நான்கு கால்மிதிகளையும் எடுத்துவிட்டு, தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ புழுங்கிய வாடையோ இருந்தால் நீர் தங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். கருவாட்டுப் பெட்டியிலிருந்து உதிரும் உப்பும் கசியும் நீரும் வந்து சேரும் இடம் அந்தக் குழிதான் என்பதால், உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான். அடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அரித்துப்போன தகடு ஈர அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். கடைசியாக, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் பின் ஆக்சிலும் பாடியோடு சேரும் இடங்களை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக் குழியிலோ கால்வைக்கும் தரையிலோ ஓட்டை இருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம்; அளவைப் பொறுத்து 5,000 முதல் 15,000 ரூபாய் வரை ஆகும். ஆனால் ஆர்மும் ஆக்சிலும் பிடிக்கும் இடங்களில் தகடு உதிர்ந்திருந்தால், பட்டறைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் அந்த வண்டிக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் நிலைமாறிப் போகும் ஆபத்து அதில் இருக்கிறது.

அடிப்பாகம் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வருகிறேன். பள்ளத்தில் வரும் கடகட சத்தத்துக்கு ஸ்டீயரிங் ராக் கடைசிக் காரணமாகத்தான் இருக்கும். முதலில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் வளையம்), ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இருபுறமும் சேர்த்து மாற்றினாலும் வெளிப்பட்டறையில் கூலியுடன் 7,000 முதல் 9,000 ரூபாய்க்குள் முடியும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வண்டி நகரும்போது மட்டும் டக்டக்கென்று கேட்டால், அது ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து மணல் புகுந்திருக்கும். கிளட்ச் செட் கூலியுடன் சுமார் 7,000 முதல் 9,000 வரை ஆகும். வண்டியில் இருப்பது கேபிள் வகை கிளட்ச் என்றால், சில நூறு ரூபாய் கேபிளே இறுகிக் கனத்திருக்கவும் கூடும்; அதைச் சோதிக்காமல் கியர் பாக்ஸை இறக்க அனுமதிக்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குப் புது பேட்டரி வாங்கும் முன், பேட்டரியின் எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்கரை வண்டிகளில் அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருப்பது வழக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினால் பெரும்பாலும் போதும்.

இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2011-இன் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது டைமிங் செயின். பெல்ட்டைப் போல குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ தவறாமல் ஆயில் மாற்றினால் நெடுநாள் உழைக்கும்.

பதிவுச் சான்றைப் புதுப்பிக்க, முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். காருக்கு மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் நிர்ணயித்த கட்டணம் 5,000 ரூபாய்; பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்தாண்டு செல்லும். அடிப்பாகம் நன்றாக இருந்தால், அடியைச் சுத்தம் செய்து பூச்சு அடிக்க ஆகும் 5,000 ரூபாயையும் சேர்த்து, 30,000 ரூபாயை ஒட்டி எல்லாம் முடிந்துவிடும். வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். இனி பெட்டிகளுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று போட்டுவிடுங்கள்.

கேள்வி: வாரம் தோறும் வீட்டு போர் தண்ணீரில் கார் கழுவி, கவர் போட்டு மூடி வைக்கிறோம். ஆனாலும் கதவின் கீழ் ஓரத்தில் துரு வருகிறதே, ஏன்?
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால், கழுவுவதாக நினைத்து உப்பைத்தான் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும், அதையும் வண்டியின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் ஊற்றுங்கள். ஈரம் காயாமல் கவர் போடக் கூடாது. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த வண்டிகளில் அவை மணலால் அடைபட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டாலே நீர் வடிந்துவிடும்.

கேள்வி: பழைய காரில் பிரேக் பெடல் சற்றுக் கீழே இறங்குகிறது. பிரேக் ஆயில் ஊற்றினால் சரியாகிறது. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: ஓட்டக் கூடாது. ஆயில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய காரில் இதே அறிகுறியை நான் பொருட்படுத்தவில்லை. பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் துருவில் மெலிந்து வெடித்து, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறும் முன் பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கால் வண்டியை நிறுத்த முடிந்தது. குழாயை மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, புது பிரேக் ஆயில் நிரப்ப இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ஆகலாம். அதைச் செய்து முடிக்கும்வரை வண்டியை வீட்டை விட்டு எடுக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.