பொது ஸ்டோரேஜ் வேகம் மேசைக்கு வந்து சேராதது ஏன்? கேள்வி பதில்

எடிட் சூட்டுகளுக்கு ஸ்டோரேஜும் நெட்வொர்க்கும் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. நாலைந்து பேர் ஒரே நாஸிலிருந்து (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி) நேரடியாக எடிட் செய்யும்போது வரும் சிக்கல்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "நாஸ் ஸ்லோ". நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் நாஸ் சும்மா உட்கார்ந்திருக்கும், மேசைக்கு அடியில் இருக்கிற டெஸ்க்டாப்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

கணக்குக்கு ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நெட்வொர்க்கில் சொல்வது பிட், காப்பி ஆகும்போது திரையில் தெரிவது பைட். எட்டால் வகுக்க வேண்டும். 1 கிகாபிட் லைனில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு சுமார் 110 எம்பி, 10 கிகாபிட்டில் ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும்.

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்டில் இன்டெல் எக்ஸ்520 நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டேன். விண்டோஸில் லிங்க் 10 கிகாபிட் என்றுதான் காட்டுகிறது. ஆனால் என்ன செய்தாலும் 400 எம்பிக்கு மேல் போகவில்லை. மேல் ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, இதைக் கீழே இருக்கிற நீளமான ஸ்லாட்டில் போட்டிருக்கிறேன். கார்டு போலியா?

பதில்: கார்டு நல்ல கார்டாகத்தான் இருக்கும். அந்த 400தான் துப்பு. எக்ஸ்520 பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறைக் கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பது மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டின் தரநிலை, லேன் என்பது அந்த ஸ்லாட்டில் டேட்டா போகும் ஒரு தடம். அந்தத் தலைமுறையில் ஒரு லேனுக்கு 500 எம்பி, மேல்செலவு போக நாலு நூறு சொச்சம். ஆக உங்கள் கார்டு ஒரே ஒரு லேனில் ஓடுகிறது. அது எட்டு லேன் கேட்கிற கார்டு. ஒரு போர்ட்டுக்கு நாலு கிடைத்தாலே தாராளம்.

ஸ்லாட்டின் நீளத்தை நம்பக் கூடாது. பதினாறு லேன் நீளத்தில் பிளாஸ்டிக் இருக்கும், உள்ளே ஒயரிங் நாலு லேனுக்கு இருக்கலாம், ஒன்றுக்கும் இருக்கலாம். கார்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். பல போர்டுகளில் முதல் கொஞ்ச தூரம்தான் உலோகப் பின்கள் மின்னும், அப்புறம் கடைசி வரை வெறும் பள்ளம். "என் போர்டு மூன்றாம் தலைமுறையாச்சே, ஒரு லேனிலேயே இரண்டு மடங்கு வருமே" என்பீர்கள். வராது. கார்டு எந்தத் தலைமுறையோ அந்த வேகத்தில்தான் பேசும்.

பின்கள் முழுசாக இருந்தும் லேன் குறையலாம். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியை (போர்டிலேயே படுக்கவைக்கும் மெல்லிய எஸ்எஸ்டி) செருகினால் கீழ் ஸ்லாட் பாதியாகும், அல்லது செத்தே போகும். இது மதர்போர்டு மேனுவலில் ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். இந்தத் தொழிலில் நான் அதிகம் படித்த இலக்கியம் அந்தப் பொடி எழுத்துதான்.

கேள்வி (அதே நண்பர்): அப்போ இரண்டாவது பெரிய ஸ்லாட்டுக்கு மாற்றினால் கிராபிக்ஸ் கார்டு பதினாறிலிருந்து எட்டு லேனாகிவிடுமே?

பதில்: ஆகட்டும். மூன்றாம் தலைமுறையில் எட்டு லேன் என்றால் நொடிக்கு சுமார் 7.9 ஜிபி. எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 10 கிகாபிட் கார்டு ஒரு லேனில் தவிப்பது தினமும் தெரியும்.

கேள்வி: எங்களிடம் இப்போது 1 கிகாபிட்தான். கேமராவிலிருந்து வரும் 4கே எச்.264 ஃபைல் டைம்லைனில் திக்குகிறது. 10 கிகாபிட்டுக்கு மாறிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த ஃபைல் பிட்ரேட் என்ன? 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. உங்கள் லைன் அதைப் போல எட்டு மடங்கு தாங்கும். திக்குவது நெட்வொர்க் அல்ல, டீகோட், அதாவது சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலை. எச்.264, எச்.265 என்ற இரண்டு சுருக்க முறைகளும் பக்கத்து ஃபிரேம்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் ஒரு ஃபிரேமை உருவாக்கும். நீங்கள் டைம்லைனைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால் (ஸ்க்ரப்) பிராசஸருக்குத் தலை சுற்றும். அதிலும் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள) ஃபுட்டேஜ் என்றால், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளின் டீகோடர் அதைத் தொடவே தொடாது. முழுச் சுமையும் பிராசஸர் தலையில்.

அதே கிளிப்பை உள்ளே இருக்கிற எஸ்எஸ்டிக்கு காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் திக்கினால் நெட்வொர்க்குக்கு ஒரு காசு செலவழிக்காதீர்கள். ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் வைக்கும் சின்ன நகல்) போடுங்கள், அல்லது ப்ரோரெஸுக்கு (ஃபைல் பெரிது, ஆனால் விரிக்க எளிதான வடிவம்) மாற்றுங்கள். ஆனால் ப்ரோரெஸுக்கு மாறியதும் கதை தலைகீழ். 4கே, 25 ஃபிரேம், ப்ரோரெஸில் 422 எச்க்யூ தரம் என்றால் 737 மெகாபிட், அதாவது 92 எம்பி. ஒரே ஒரு லேயரில் உங்கள் 1 கிகாபிட் லைன் நிரம்பிவிடும். 10 கிகாபிட் பேச்சை அப்போது எடுக்கலாம்.

கேள்வி: சுவிட்ச் 2.5 கிகாபிட். டெஸ்க்டாப்பில் எக்ஸ்540 கார்டு. 10 தெரிந்த கார்டுக்கு 2.5 தெரியாமலா போகும்? லிங்க் 1 கிகாபிட் என்று காட்டுகிறது.

பதில்: தெரியாமல்தான் போகும். 2.5, 5 இரண்டுக்கும் தரநிலை வந்ததே 2016இல். எக்ஸ்540 அதற்கு மூத்தது. அதற்குத் தெரிந்தது 10 கிகாபிட், 1 கிகாபிட், 100 மெகாபிட். எக்ஸ்550 அல்லது அக்வான்டியா ஏக்யூசி107 சிப் உள்ள கார்டு என்றால் நடுவில் உள்ளவையும் பேசும்.

கேள்வி: இரண்டு 1 கிகாபிட் கேபிளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். இன்னும் 110தானே வருகிறது?

பதில்: இப்படிக் கேபிள்களைச் சேர்ப்பதுதான் லிங்க் அக்ரிகேஷன். அதில் ஒரு இணைப்பு ஒரு கேபிளில்தான் போகும். இரண்டு எடிட்டர்கள் ஆளுக்கொரு கேபிளில் போகலாம், ஒரே ஆளுக்கு இரட்டிப்பாகாது. அப்படி வேண்டுமென்றால் எஸ்எம்பி (விண்டோஸ் நாஸோடு ஃபைல் பரிமாறும் முறை) மல்டிசேனல் பாருங்கள், இரண்டு முனையும் அதைப் பேச வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பில் டைப்‑சி போர்ட் இருக்கிறது. 10 கிகாபிட் அடாப்டர் மாட்டினால் வேலை செய்யுமா?

பதில்: ஓட்டையின் வடிவம் எதையும் சொல்லாது. அதே வடிவத்தில் 5 கிகாபிட் யூஎஸ்பியும் வரும், 40 கிகாபிட் தண்டர்போல்ட் 3உம் வரும். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள், அதோடு மாடலின் விவரக்குறிப்பையும் பார்த்துவிடுங்கள். முழு 10 வேண்டுமென்றால் தண்டர்போல்ட் அடாப்டர்தான் நம்பகம். 5 கிகாபிட் யூஎஸ்பியில் 5 கிகாபிட் அடாப்டர் மாட்டினாலும் முழு 5 வராது. யூஎஸ்பியின் குறியாக்கமே ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம் 4.

கேள்வி: எங்களிடம் 2012 மேக் ப்ரோ டவர் ஒன்று கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: நெட்வொர்க்குக்காக என்றால் வேண்டாம். அதன் நாலு லேன் ஸ்லாட் இரண்டாம் தலைமுறைதான், ஆனாலும் நொடிக்கு 2000 எம்பி. ஒரு 10 கிகாபிட் போர்ட்டுக்கு அது போதும். டீகோட் வேகத்தில்தான் அதற்கு வயது தெரியும். இன்ஜெஸ்ட் (கேமரா கார்டிலிருந்து ஃபைல் இறக்குவது), காப்பி, பேக்கப் வேலைக்கு இன்னும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் லிங்க் விட்டு விட்டு வருகிறது. கேபிள் மாற்றியாச்சு, சுவிட்ச் போர்ட் மாற்றியாச்சு.

பதில்: சைடு பேனலைத் திறந்து கார்டின் ஹீட்சிங்க் மேல் விரலை வையுங்கள். இரண்டு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதுதான் வியாதி. செப்புக் கேபிளில் 10 கிகாபிட் அனுப்பும் சிப் நிறைய சூடாகும். சர்வர் பெட்டிக்குள் புயல் மாதிரி காற்று அடிக்கும் இடத்துக்குச் செய்த கார்டை, சத்தம் வரக் கூடாது என்று ஃபேனைக் குறைத்து வைத்த எடிட் மெஷினில் போடுகிறோம், அதுவும் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. ஒரு சின்ன ஃபேனை அதன் மேல் காற்றுப் படும்படி கட்டுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் எஸ்எஃப்பி பிளஸ் கார்டு (கேபிள் மாட்யூலைச் செருகும் வகை) வாங்கி, பக்கத்து ரேக்குக்கு டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூலோடு வரும் குட்டைக் கேபிள்), தூரத்துக்கு ஃபைபர் என்று போங்கள். சூடு நன்றாகக் குறையும்.

கேபிளை மாற்றியாச்சு என்று சொன்னதால் என் கதை ஒன்று. ஒரு முறை ஒரே ஒரு மேசையில் மட்டும் 11 எம்பி. அரை நாள் நாஸைக் குடைந்தேன். கடைசியில் குனிந்து பார்த்தால், எடிட்டரின் நாற்காலிச் சக்கரம் தினமும் கேபிள் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. நாலு ஜோடி ஒயரில் ஒன்று அறுந்து, லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கார்டு லைட்டின் நிறத்தை முதலிலேயே பார்த்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பியிருப்பேன்.

கேள்வி: சுவருக்குள் கேட் 5இ கேபிள்தான் போயிருக்கிறது. உடைக்கணுமா?

பதில்: 2.5 கிகாபிட் என்றால் உடைக்க வேண்டாம். 10 கிகாபிட்டுக்கு கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ என்றால் 100 மீட்டர். எப்படியும் சுவரைத் திறக்கிறீர்கள் என்றால் ஃபைபரும் ஒன்று சேர்த்து இழுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜம்போ ஃபிரேம் (ஒரு பாக்கெட்டின் அளவு, வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில்) 9000 வைத்த பிறகு சில ஃபோல்டர் திறக்கிறது, பெரிய ஃபைல் தொங்குகிறது.

பதில்: டெஸ்க்டாப், சுவிட்ச், நாஸ் மூன்றில் ஒன்று இன்னும் 1500இல் நிற்கிறது. துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். போகவில்லை என்றால் மூன்றையும் 1500க்கே திருப்புங்கள். 1500இலேயே 9.4 கிகாபிட் வரும், இதற்காக ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

கேள்வி: ஐபெர்ஃபில் (நெட்வொர்க் வேகம் அளக்கும் மென்பொருள்) 9.4 கிகாபிட் வருகிறது. காப்பி மட்டும் 300 எம்பி. நாஸில் எட்டு டிஸ்க்.

பதில்: எங்கே காப்பி செய்கிறீர்கள்? உள்ளே இருப்பது சாட்டா எஸ்எஸ்டி என்றால் 550க்கு மேல் அதுவே போகாது. ஹார்டு டிஸ்க் என்றால் 200 சொச்சம். ஐபெர்ஃப் டிஸ்கைத் தொடுவதே இல்லை, அதனால்தான் அதில் அழகாக வருகிறது. அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டும் ஏறவில்லை என்றால் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 11, 24எச்2 முதல் ப்ரோ பதிப்பில் எஸ்எம்பி சைனிங் தானாகவே கட்டாயம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து போட்டே பழைய பிராசஸரும் நாஸின் சின்ன பிராசஸரும் களைத்துப்போகும். பாதுகாப்புக்காக வைத்தது அது. எடிட்டிங்குக்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க்காக இருந்தால் மட்டும் அணைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: வைஃபையில் எடிட் செய்யலாமா?

பதில்: ப்ராக்ஸி என்றால் செய்யலாம். ஒரிஜினல் என்றால் வேண்டாம்.

கேள்வி (முதலில் கேட்ட நண்பர்): அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, முன்னால் கொஞ்சம் பின், மிச்சம் காலி. இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றலாம் என்றால் கிராபிக்ஸ் கார்டு மூன்று ஸ்லாட் தடிமன், அதை மூடிக்கொண்டு நிற்கிறது.

பதில்: எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறதா? பெரும்பாலும் அதில் நாலு லேன் வரும். எம்.2விலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கு ரிப்பன் ரைசர் (பட்டைக் கேபிளில் ஸ்லாட்டை நீட்டிக் கொடுக்கும் துண்டு) கிடைக்கிறது. வாங்கும்போது பவர் கனெக்டர் உள்ளதா என்று பாருங்கள். எம்.2வில் 3.3 வோல்ட் மட்டும்தான் வரும், கார்டு கேட்கிற 12 வோல்ட்டை பவர் சப்ளையிலிருந்து தனியாகக் கொடுக்க வேண்டும். ரிப்பனை முறுக்காமல் மடக்குங்கள், கார்டை ஃபேனுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஓட்டிவிட்டு எத்தனை வருகிறது என்று சொல்லுங்கள்.