வேகம் யார் கணக்கில்?

அன்புள்ள ஐயா,

பாதயாத்திரைக் காலத்தில் நம் சாலைகளில் விரையும் கார்களைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அந்தக் கார்களில் ஒன்று என்னுடையதாகவும் இருந்திருக்கலாம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, வேலை பெங்களூரில். மாதம் இருமுறை இரவில் நானே காரோட்டி ஊருக்கு வருகிறேன். திருமயம் தாண்டியதும் 90, 100 என்று போவது வழக்கம். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சிறு விபத்தும் இல்லை. வண்டியில் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது, ஆறு காற்றுப்பைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் கேமராவில் பதிவானதாகச் சொல்லி இருமுறை அபராதம் விதித்துவிட்டார்கள். நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்? தீங்கு செய்தால் தண்டியுங்கள்; செய்யுமுன்பே எதற்குத் தண்டனை? ஜெர்மனியில் வேக வரம்பே இல்லாத சாலைகள் உள்ளன. இங்கோ குறுக்கே வரும் ஆடு மாடுகளை விட்டுவிட்டு, ஒழுங்காக ஓட்டுபவனைப் பிடிக்கிறார்கள். நடமாடும் உரிமையை அரசமைப்புச் சட்டம் எனக்குத் தந்திருக்கிறது. என் உயிர் குறித்த முடிவை நான் எடுக்கக் கூடாதா?

வணக்கத்துடன்,
ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வேகத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் பிறருடைய வேகத்தைப் பற்றியவை. தம்முடைய வேகத்தைப் பற்றி எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். அந்த நேர்மைக்காகவே விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது.

வேகமே குற்றம் என்று நான் எழுதவில்லை. நம் மண்ணில் பிறந்த ஒருவன் அப்படி எழுதவும் முடியாது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஊர்த் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் விடுவதை நீங்களும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அந்தப் பந்தயம் தனியாகக் கட்டிய மைதானத்தில் நடப்பதில்லை. நீங்கள் காரோட்டுவது போன்ற தார்ச்சாலையில்தான் நடக்கிறது. ஆனால் அதற்கு முன் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் அடிக்கிறார்கள், அனுமதி வாங்குகிறார்கள், குறுக்குச் சாலைகளில் ஆள் நிறுத்துகிறார்கள், எந்த வண்டி எங்கே வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பெண்ணுக்குக்கூட எந்தத் திசையிலிருந்து வண்டி வரும் என்று தெரியும். சாரதிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அறிந்தே அங்கு வந்திருக்கிறார்கள். (வண்டிகளின் பின்னால் கூச்சலிட்டபடி விரட்டி வரும் பைக்குகளுக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது; மாடுகளைவிட எனக்கு அவற்றிடம்தான் பயம்.) பந்தயம் முடிந்ததும் சாலை மறுபடி எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது. பால்காரர், பள்ளிக்கூடத்துச் சைக்கிளில் வரும் பெண், கிடைக்கு ஆடு ஓட்டிச் செல்லும் கீதாரி, டாஸ்மாக்கிலிருந்து தள்ளாடி வருபவர் என்று யார் வேண்டுமானாலும் அதில் வரலாம். நீங்கள் 100-இல் வரும்போது இவர்களில் எவரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். உங்களோடு எனக்குள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் குறிப்பிடும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஈ) பிரிவில் இருக்கிறது. பொதுமக்களின் நலன் கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது என்பதை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல விரும்புவது வேறு. அந்த நடமாடும் உரிமை சைக்கிளில் வரும் பெண்ணுக்கும் இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் ரேஷன் கடையும் உள்ள சிற்றூர்களில், வண்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு முதியவர்கள் தனியாகக் கடக்க அஞ்சி, பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வரும் வரை திண்ணையில் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சுதந்திரம் கூடிய அளவுக்கு அவர்களுடையது குறைந்திருக்கிறது. அவர்களுக்கு யாரும் அபராதச் சீட்டு அனுப்பவில்லை என்பதால் அது கணக்கில் வருவதில்லை.

இனி உங்கள் திறமைக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் வருகிறேன். உலர்ந்த நல்ல சாலையில், முன்னே ஓர் ஆடு குறுக்கிடுவதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். விழிப்பாக இருப்பவருக்கே அவ்வளவு ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவார். பிரேக் பிடித்தபின் மேலும் 20 மீட்டர் ஓடி, 37-ஆம் மீட்டரில் நிற்பார். இப்போது அதே இடத்தில், அதே காரில், அதே திறமையுடன் 80-இல் வருபவரை வைத்துப் பாருங்கள். மிதிக்குமுன்பே 22 மீட்டர் போய்விடும். எஞ்சிய 15 மீட்டரில் வண்டி எவ்வளவு அடங்கும் என்று கணக்கிட்டால், முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இந்தக் கார் ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்தில் கடக்கும். 80 என்பது 60-ஐவிடச் சற்றுக் கூடுதல் என்றே நம் மனம் நினைக்கிறது; ஆட்டுக்கும் ஆட்டின் பின்னால் ஓடிவரும் சிறுவனுக்கும் அது அப்படியில்லை. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் வளர்வதால் வரும் விளைவு இது. ஓட்டுபவர் யார் என்பதை அது கேட்பதில்லை. சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல், நீங்கள் வண்டியைத் திருப்ப ஏ.பி.எஸ். உதவும், அந்த முதல் நொடியை அது குறைக்காது. ஆறு காற்றுப்பைகளும் உள்ளே இருப்பவர்களுக்காக வைத்தவை. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்பலி கொள்ளும் விபத்துகள் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதன் தொடர்ச்சிதான். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வைத்துக்கொண்டால், 60-க்குப் பதில் 80-இல் போவதால் நீங்கள் ஈட்டுவது ஐந்து நிமிடம்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் நேர்ந்த இறப்புகளில் 71 விழுக்காட்டுக்குக் காரணம் அதிவேகம் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த விழுக்காட்டை நான் அப்படியே நம்புபவன் அல்லன். முதல் தகவல் அறிக்கை எழுதுபவருக்கு வேறு காரணம் தோன்றாதபோது கைக்கு வருவதும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர்தான் என்பது என் ஐயம். அதில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்தாலும் எஞ்சுவது சிறிய எண் அன்று.

பன்னிரண்டு ஆண்டுகளில் விபத்தே இல்லை என்கிறீர்கள். 1984-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஓர் இரவு, நண்பரிடம் இரவல் வாங்கிய புல்லட்டில் குன்றக்குடியைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 23 வயது. ஒரு வளைவில் திரும்பியதும் விளக்கொளியில் பழனிக்கு நடந்து செல்பவர்களின் வரிசை தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டவை வெறும் கால்கள். இன்றுபோல் முதுகுப்பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அன்று இல்லை. வண்டி செம்மண்ணில் இறங்கிச் சரிந்தது. யார் மேலும் படவில்லை. வரிசையின் கடைசியில் வந்த ஓர் ஆச்சி, வயது 70-க்கு மேலிருக்கும், சத்தம் கேட்ட கணத்தில் ஓரத்துச் சரிவில் ஓர் எட்டு இறங்கிவிட்டிருந்தார், அதனால்தான் படவில்லை. அவரே என்னைத் தூக்கிவிட வந்து, “தம்பி, அடி பட்டுருச்சா? யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். நம் ஊர்களில் செய்தி பைக்கைவிட விரைவாக வீடு போய்ச் சேரும் என்பதால், என் தந்தையின் பெயரைச் சொல்லாமல் வேறோர் ஊரையும் வேறொருவர் பெயரையும் சொன்னேன்.

அந்த இரவை நெடுங்காலம் நான் விபத்து நடக்காத இரவு என்றே எண்ணிவந்தேன். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகிய நம் பெரியவர்கள் இப்படி ஒரு பேரேட்டைக் கண்டால் சிரிப்பார்கள். ஆச்சி எடுத்து வைத்த எட்டை என் வரவில் எழுதிக்கொண்டு ஐந்தொகை போட்டிருக்கிறேன். உங்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் உங்களுக்காக ஒதுங்கிய லாரிகள், சட்டென்று பின்வாங்கிய சைக்கிள்கள், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த தாய்மார் எத்தனை பேர் என்பது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 100-இல் போகிறவருக்குத் தெரிய வழியில்லை.

தீங்கு செய்த பிறகு தண்டியுங்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் வலுவான வாதம். ஆனால் இந்த நாட்டுக்குக் கார் வருமுன்பே, குதிரை வண்டிக் காலத்திலேயே சட்டம் அதை ஏற்கவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி ஓட்டுவதையே குற்றம் என்றது. ஆபத்து போதும், அடிபட வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 281-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. பிறகு பார்த்துக்கொள்வது என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்கிறேன். இறந்தவருடைய ஆண்டு வருமானத்தில் அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கும் பங்கைக் கழித்து, மிஞ்சியதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெருக்கும். உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் ஒழுங்குபடுத்திய அட்டவணை அது. 15 முதல் 25 வயது வரை உள்ளவருக்கு 18. 40 வயதுக்காரருக்கு 15. 65-ஐக் கடந்தவருக்கு 5. அன்றிரவு அந்த ஆச்சி சரிவில் இறங்கியிராவிட்டால் இன்றைய அட்டவணைப்படி அவருக்கு வரும் எண் 5. அதுவும் சம்பளம் என்ற ஒன்றை வாழ்நாளில் வாங்கியிராத ஒருவருடைய வருமானத்தை நீதிபதி ஊகித்து எழுதிய பிறகு.

உங்கள் உயிரைப் பற்றிய முடிவு உங்களுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தலைக்கவசம் கட்டாயமா என்று கேட்டிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். அதில் எனக்கே இரு மனம் உண்டு. வேகம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. மோட்டார் வாகனச் சட்டம் உங்களுக்கான காப்பீட்டை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, மூன்றாம் நபருக்கான காப்பீட்டை மட்டும் கட்டாயமாக்கியிருப்பதைக் கவனியுங்கள்.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாக: வரம்பில்லாத அந்தச் சாலைகளில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடமில்லை, 60 கி.மீ.க்கு மேல் போகும் திறனில்லாத வண்டிகள் ஏறவே கூடாது. அங்கும் 130 என்ற பரிந்துரை வேகம் உண்டு. அதைத் தாண்டி வந்து விபத்தில் சிக்கியவர் தம்மேல் தவறே இல்லையென்று சொல்லி எளிதில் தப்பிவிட முடியாது. முழு வேகம் பார்க்க ஆசை இருந்தால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து தொலைவுதான், ஆனால் அங்கே ஆடு வராது.

சில இடங்களில் உங்கள் பக்கம்தான் நியாயம். சாலையில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரத்தால் போரடித்துக்கொள்ளும் நம் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள் இரவில் வேகத்தைவிடக் கேடு செய்கின்றன. வரம்பு எது என்பதிலேயே தெளிவில்லை என்பதும் உண்மை. மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. நம் சாலைகளில் ஊர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் எந்த எண்ணையும் காட்டாத கம்பங்கள் நிற்கின்றன. பலகையே இல்லாத இடத்தில் கேமரா மட்டும் இருந்தால் அது வசூல் என்று நீங்கள் ஐயப்படுவதை என்னால் குறை சொல்ல முடியாது.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். திருமயத்திலிருந்து தேவகோட்டை வரை எங்கெங்கே பலகை வேண்டும் என்று இருவரும் ஒரு பகலில் போய்ப் பார்த்துக் குறித்து, மனு எழுதலாம். ஊருக்குள் 30 என்று எழுதச் சொல்லி நான் கேட்பேன். நீங்கள் வேறு எண் கேட்பீர்கள். இரண்டையும் எழுதிக் கீழே இருவரும் கையெழுத்திடுவோம்.

அன்புடன்.